தேவதானம் போகிற வழி

ஆண்டாள் கோயிலில் நடை சாத்திவிட்டார்கள். பாண்டிச்செல்வம் நகரவில்லை.

“சாயங்காலம் தொறக்கட்டும். இன்னொரு தடவை ஆற அமரப் பாத்துட்டே போவோம்” என்றான்.

மாரிக்கனிக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து எந்தக் கோயிலிலும் அவள் கண்ணை மூடிக் கும்பிட்டு முடிக்கிற வரைக்கும்கூட அவன் பொறுத்ததில்லை.

வாடகைக்கு எடுத்த கேரவன் தேரடிப் பக்கம் நின்றது. கட்டில், அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ளேயே. டூர் முடிகிறவரை உனக்குப் போன் கிடையாது என்று சென்னையில் ஏறும்போதே அவளுடையதை வாங்கி அணைத்து வைத்துவிட்டான். வழி பார்க்க அவனுடையது போதுமாம்.

குற்றாலம் போவதாகத்தான் பேச்சு. நேற்றுக் காலை மதுரையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, தானாகவே சொன்னான்.

“போற வழிதான. நாளைக்குத் தேவதானத்துல ஒங்கண்ணனையும் பாத்துட்டுப் போவோம்.”

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அண்ணன் காசிராஜன் வீட்டுக் காதுகுத்தில், பந்தியில் அத்தனை பேர் பார்க்க, அண்ணன் இவனைக் கைநீட்டி அடித்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த வாசலை மிதிக்க மாட்டேன், நீயும் மிதிக்கக் கூடாது என்று சொன்னவன் இவன். இவன் வேலைக்குப் போன பிறகு போனில் அண்ணன் குரலைக் கேட்பதோடு சரி.

இன்று மனுஷன் ஆளே மாறியிருந்தான். அண்ணனுக்குப் பால்கோவா வாங்க வேண்டும் என்றதும், கடை கடையாகக் கூட்டிப்போய் ருசி பார்க்கச் சொன்னான். நடுவில் வேப்பமரத்தடியில் நின்று யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தான். நடை திறந்ததும் மறுபடி உள்ளே போய்ச் சுற்றினார்கள்.

ராஜபாளையத்தில் நாய் பார்க்க நிறுத்தினான். அவர்கள் ஃப்ளாட்டில் பூனைக்குக்கூட இடமில்லை. ஆனாலும் ஒவ்வொரு குட்டியையும் தூக்கிப் பார்த்து வயசு கேட்டான்.

சேத்தூர் தாண்டியதும் அவள் திரையை இழுத்துவிட்டு, அண்ணன் எடுத்துக்கொடுத்த அரக்குப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டாள். தலைநிறைய மல்லிகை வைத்தாள்.

பொழுது சாய்கிற நேரம். தெருவில் பந்தல் போட்டிருந்தது. ஏதோ விசேஷம் என்று சிரித்தபடியே இறங்கினாள்.

தெரு ஈரமாகக் கிடந்தது. ஈரமெல்லாம் சாமந்தி இதழ். ஒருவன் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

தலைவிரிகோலமாக வாசலில் உட்கார்ந்திருந்த மதினி நாச்சியார், பட்டையும் பூவையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“இப்பத்தான் வழி தெரிஞ்சதா ஏட்டி? நேத்து விடியமுன்ன ஒங்கண்ணன் உசுரு போச்சு. அப்பவே ஒன் வீட்டுக்காரவியளுக்குப் போன் போட்டுச் சொல்லியாச்சே.”

மாரிக்கனி திரும்பி வண்டியைப் பார்த்தாள். அவன் இறங்கவில்லை. இன்ஜினையும் நிறுத்தவில்லை.

“ஒத்தத் தங்கச்சி, மொகத்தைப் பாக்கட்டும்னு இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் ஐஸ் பெட்டியில வச்சிருந்தோம். அவியதான் கூப்பிட்டு, காத்துக் கெடக்க வேண்டாம், எடுத்துருங்கன்னாக.”

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நீதான் அப்படிச் சொல்லச் சொன்னேன்னாகளேடி.”

பின்னால் ஹார்ன் அடித்தது. இன்னொரு முறையும் அடித்தது.

மாரிக்கனி பூவைப் பிய்த்தெடுத்துவிட்டு, பட்டோடு அந்த ஈரத்தில் மதினி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“யாரு வண்டியோ மதினி” என்றாள். “அது போவட்டும்.”