நடுத்தாளைக் காணோம்

"யோவ் கபிரியேல்! நிறுத்துய்யா வண்டியை!"

ரத்தினசாமி வாத்தியார் ரோட்டோரம் நின்று கத்தினார். பொள்ளாச்சியிலிருந்து வந்த பஸ் நிற்கவில்லை. கண்டக்டர் கபிரியேல் படியில் நின்றபடியே சுருட்டிய செய்தித்தாளை ஒரு முறை ஆட்டிக் காட்டினான். பஸ் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியைப் பார்த்துப் போயே போய்விட்டது.

"பாத்தியா செல்லாத்தா? பல்லைக் காட்டிட்டுப் போறான்!"

ஏழு வருஷமாக, ஓடுகிற பஸ்ஸிலிருந்தே வாத்தியார் வீட்டு வாசலில் குறி தவறாமல் பேப்பரை வீசியவன்தான் கபிரியேல். கேரள ராஜ்யம் பிறந்த அன்றைக்கு நிறுத்திக்கொண்டான்.

"புது ராஜ்யம், புது ரூலுங்க சார். ஓடற வண்டியிலிருந்து எதையும் வீசப்படாது. கடைவீதிக்கு வந்து வாங்கிக்குங்க."

எந்தச் சட்டம், எத்தனையாவது பிரிவு என்று கேட்டார் வாத்தியார். அது மலையாளத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டான்.

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்." வாத்தியார் குடையை எடுத்தார். எடுத்த விதத்தில் அது குடையாகத் தெரியவில்லை.

"இருங்க, நானும் வரேன். உங்களைத் தனியா உட்டா அடிதடியில முடியும்." மனைவி செல்லாத்தாள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நாலு மாதமாகத் தினமும் இதே கூத்து. கடைவீதி போக ஒரு மைல், வர ஒரு மைல்.

எதிர்வீட்டு சோலைக்குப் பொறுக்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் வந்தே கேட்டுவிட்டார்.

"ஏனுங் வாத்தியாரே, அம்மணிக்குச் சர்க்கரை வியாதி. ஒரு பேப்பருக்காகச் சீக்காளிப் பொம்பளைய ரோட்டுல இழுத்தடிக்கறீங்களே, நல்லாவா இருக்குது?"

"பேப்பருக்காக இல்லை சோலை. சட்டத்துக்காக."

"அந்தச் சட்டத்தைத் தூக்கிக் கெணத்துல போடுங்க! அம்மணியோட அக்காளுக்கு இதே வியாதியில காலையே எடுத்தாங்களே, மறந்து போச்சா?"

வாத்தியார் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

வியாதி தெரிந்தது போன ஐப்பசியில், கேரள ராஜ்யம் பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால். டாக்டர் நீல மருந்தில் சிறுநீரைக் கலந்து காய்ச்சினார். அது செங்கல் நிறத்துக்கு மாறியது; சர்க்கரை அவ்வளவு அதிகம். "சோத்தைக் குறைங்கம்மா. தினமும் நல்லா நடக்கணும். இல்லைன்னா உங்க அக்கா கதைதான்" என்றார்.

"ஜோலி இல்லாம ரோட்டுல நடக்க நான் என்ன கிறுக்கியா? ஊரே சிரிக்கும்" என்று செல்லாத்தாள் வீட்டுக்கு வந்து சொன்னாள். அதைக் கேட்டும் வாத்தியார் அன்றைய பேப்பரைக் கடைசி வரி வரைக்கும் படித்துக்கொண்டிருந்தார். வாத்தியாருக்குக் கல்மனசு என்று இதையும் ஊருக்கெல்லாம் சொன்னவர் சோலைதான்.

மாசியில் டாக்டர் மறுபடி காய்ச்சிப் பார்த்தார். இளம்பச்சை.

"பலே! தினமும் நடக்கறீங்க போலிருக்கே?"

"நான் எங்கீங்க நடக்கறேன்? இவரு தெனமும் சண்டைக்குப் போறாரு. நான் வெலக்கி உடப் போறேன்."

டாக்டர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

சோலை அதற்குமேல் காத்திருக்கவில்லை. பஸ் முதலாளிக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டார். இப்படி ஒரு சீக்காளி அம்மாள் தினமும் அலைகிறாள், உங்கள் கண்டக்டருக்கு ஈவு இரக்கம் இல்லை என்று.

அடுத்த திங்கட்கிழமை பஸ் வாத்தியார் வீட்டு வாசலில் நின்றது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக நின்றது. கபிரியேல் இறங்கி வந்து பேப்பரைக் கையிலேயே கொடுத்தான். முகம் செத்திருந்தது.

"மன்னிச்சுக்குங்க சார். மொதலாளி உத்தரவு. இனிமே தெனமும் வாசல்லயே கொடுத்துடணுமாம்."

வாத்தியார் பேப்பரை வாங்கிக்கொண்டார். ஜெயித்தவர் முகம் மாதிரி இல்லை அது.

"அப்புறமென்னங்க வாத்தியாரே!" என்று வேலிக்கு அப்பாலிருந்து சோலை சிரித்தார். "அம்மணி, இனி நீங்க நிம்மதியா ஊட்டோட இருக்கலாமுங்க!"

"ஆமாங்கண்ணா" என்றாள் செல்லாத்தாள். செருப்பு ஏற்கெனவே காலில் இருந்தது. அதைக் கழற்ற மெதுவாக உள்ளே போனாள்.

பஸ் கிளம்பிப் போயிற்று. சோலையும் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார். வாசலில் வாத்தியார் மட்டும் நின்றார்.

ஐந்து நிமிஷம் கழித்துத் தெருவே அதிர்ந்தது.

"செல்லாத்தா! நடுத்தாளைக் காணோம்! மொத்தம் எட்டுப் பக்கம். மூணு, நாலு, அஞ்சு, ஆறு, நாலு பக்கமும் இல்லை! அந்த அயோக்கியன் உருவிக்கிட்டுக் கொடுத்திருக்கான்! இன்னைக்கு விடறதில்லை!"

"இருங்க, நானும் வரேன்!"

கழற்றப் போன செருப்போடு செல்லாத்தாள் ஓடிவந்தாள்.

சோலை தலையில் அடித்துக்கொண்டார். "கடவுளே, இந்த மனுசனுக்கு ஒரு புத்தி வராதா?"

இருவரும் ரோட்டில் இறங்கி நடந்தார்கள். வாத்தியார் குடையை ஆட்டி ஆட்டிக் கபிரியேலைத் திட்டிக்கொண்டே போனார். வீடு மறைகிற வளைவு வரைக்கும் செல்லாத்தாள் பேசாமல் கூடவே நடந்தாள். பிறகு ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஏனுங்க, சட்டையைக் கொஞ்சம் கீழ இழுத்து உட்டுக்குங்க. நடுத்தாள் வெளிய தெரியுது. நாளைக்காவது கபிரியேல் தம்பியும் நீங்களும் சேர்ந்து வேற ரூலு கண்டுபுடிங்க. தெனமும் நடுத்தாளே காணாமப் போனா சோலையண்ணன் நம்ப மாட்டாரு."