கடைசி வீட்டுக் கரண்ட்

"அந்த வாகைக் கொப்பை அண்டைக்கே வெட்ட விட்டிருந்தா, இண்டைக்கு இப்பிடி இருட்டுக்குள்ள கிடப்பமே, மெலனி?"

பக்கத்து வீட்டு இன்பமலர் வாசலில் நின்று குடையை உதறிக்கொண்டே கேட்டாள். மெலனிக்குச் சுருக்கென்றது.

புரட்டாதியில் மரக்கொப்பு வெட்ட மின்சார சபை லைன் ஆட்கள் கப்பல்துறைக்கு வந்தபோது, ஒழுங்கை வளைகிற முடக்கில், அந்த வாகையடியில் போய் மறித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். லைனுக்கு மேலே சரிந்து நின்ற கொப்பை வெட்டுவதென்றால் அரைநாள் கரண்டை நிறுத்த வேண்டும். கரண்டை நிறுத்தினால் மாமனார் பற்றிக்கின் ஒட்சிசன் மெஷின் நின்றுவிடும். "இன்னொரு நாளைக்கு வாங்கோ. மாமாவை ஆஸ்பத்திரியில விட்டிட்டுச் சொல்லியனுப்பிறன்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். வந்தவர்களில் அவளுடைய புருஷன் றிக்சனும் ஒருவன். பெண்சாதியின் சொல்லைத் தட்ட முடியாமல் ஏணியைக் கட்டிக்கொண்டு போனான், பாவம். அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. புயல்தான் வந்தது.

நேற்றைய காற்றில் கொப்பு முறிந்து வயரின்மேல் விழ, ஒழுங்கைத் தொங்கலில் கடைசியாக இருக்கும் இந்த இரண்டு வீடுகளும் இருண்டுபோயின.

உள்ளே கட்டிலில் பற்றிக் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். உதட்டில் நீலம் பாரித்திருந்தது. இதுவரை கைகொடுத்த சிலிண்டரிலும் முள் சிவப்புக்கு இறங்கிவிட்டது. கண்டி வீதியில் வெள்ளம், அம்புலன்ஸ் இப்போதைக்கு வராது என்று கையை விரித்துவிட்டார்கள்.

"றிக்சன் எங்க?" என்றாள் இன்பமலர்.

"குச்சவெளியில. ஊருலகத்துக்கெல்லாம் லைட் குடுக்கிற மனுசனுக்குப் பெத்த தேப்பனுக்கு ஒரு லைட் குடுக்க ஏலாது! காலமை போன் எடுத்தவர். எங்கட பக்கம் நாளையிண்டைக்குத்தானாம். வாய்க்கு வந்தபடி ஏசிப்போட்டன். அதுக்குப் பிறகு போனும் வேலை செய்யேல்ல."

"அந்தாள் என்ன செய்யும்? வேலையிடத்துப் பெரியவர் சொல்லுற இடத்துக்குத்தானே போகோணும்."

"பெரியவரும் மண்ணாங்கட்டியும்! மாமாவுக்கு ஏதும் நடந்திட்டுதெண்டா, அந்த மனுசன்ர முகத்தில நான் முழிக்கமாட்டன், அக்கா."

கட்டிலில் கிடந்த கை மெல்ல அசைந்தது. "பிள்ளை… அவனை… ஏசாதை…"

அதைக் கேட்டதும் மெலனிக்குக் கண் கலங்கிவிட்டது. பேச்சுக்கு ஒதுக்க மூச்சில்லாத மனிதர், மகனுக்காக அதையும் செலவழிக்கிறார்.

"எழும்படி" என்றாள் இன்பமலர். "என்ர வீட்டு மீன்கடையில ஜெனரேட்டர் கிடக்கு, ஐஸ் பெட்டிக்கு வச்சிருக்கிறன். மீன் நாறினா நாறட்டும். வா, தூக்குவம்."

மழையில் தோய்ந்து, சேற்றில் வழுக்கி, ஒருவழியாக அதைக் குசினிக்குப் பின்னால் தாழ்வாரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். கட்டிலுக்குக் கிட்ட வைக்க முடியாது. அந்தப் புகையே மாமனாரைக் கொன்றுவிடும். மெஷின்வரை எட்டுகிற வயரும் கையில் இல்லை.

"அதுக்கேன் யோசிக்கிறாய்? ரெண்டு தலையிலயும் பிளக் பூட்டின வயர் இருக்கு. ஒரு தலையை ஜெனரேட்டரில குத்து, மற்றதைக் குசினிச் சுவரில குத்து. வீடு முழுக்கக் கரண்ட் ஓடும். புயலுக்கு எல்லாரும் இப்பிடித்தானே செய்யிறவை."

மெலனி குத்தினாள். இன்பமலர் கயிற்றைப் பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். ஜெனரேட்டர் இருமி, செருமி, காது அடைக்கிற சத்தத்தோடு பிடித்துக்கொண்டது. விறாந்தையில் லைட் எரிந்தது. கட்டிலடியில் ஒட்சிசன் மெஷின் கீச்சிட்டு உயிர்த்தது.

"மாதாவே!"

மெலனி ஓடிப்போய் மாமனாரின் மூக்கில் குழாயைச் சரிசெய்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய நெஞ்சு அடங்கி, உதட்டில் நிறம் திரும்பியது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"மெலனி!" வீட்டைப் பார்க்கப் போயிருந்த இன்பமலர் வேலிக்கு அங்காலிருந்து கத்தினாள். "என்ர கடையிலயும் லைட் எரியுதடி!"

"அப்ப உங்கட மீனும் தப்பிச்சிட்டுது, அக்கா!"

மாமனாரின் நெற்றியைத் துடைத்துவிட்டு மெலனி செல்லமாகச் சொன்னாள்: "இனி உங்கட மகன் வந்தாலென்ன, வராட்டிலென்ன மாமா? ராசா மாதிரிப் படுங்கோ."

கிழவர் சிரிக்கப் பார்த்தார்.

அப்போதுதான் படலையைத் தள்ளிக்கொண்டு ஜக்சன் ஓடிவந்தான். றிக்சனோடு லைன் வேலை செய்கிறவன். "அக்கா, நிப்பாட்டுங்கோ! ஜெனரேட்டரை நிப்பாட்டுங்கோ!"

"விசரே உனக்கு? மாமாவின்ர மூச்சு நிண்டுபோயிடும்!"

அவன் கேட்கவில்லை. குசினிக்குள்ளால் பாய்ந்து போய், தானே அதை நிறுத்தினான். விளக்கு அணைந்தது. உள்ளே மெஷின் கீச்சுக்கீச்சென்று கத்தத் தொடங்கியது.

"என்னடா செய்தனீ?" மெலனி அவனுடைய சட்டையைப் பிடித்து உலுக்கினாள். பிறகுதான் உறைத்தது. "நீங்கள் எல்லாரும் குச்சவெளியில எண்டல்லோ அவர் சொன்னவர்?"

ஜக்சன் படலைக்கு வெளியே முடக்குப் பக்கம் கையைக் காட்டினான். "நீங்கள் ஏசினதைக் கேட்டுப்போட்டு, பெரியவரிட்டைக் கெஞ்சி, வெள்ளத்துக்குள்ளால டிரக்டரில எங்களை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தவர், அக்கா. பியூஸைக் கழட்டி, வயரில கரண்ட் இல்லையெண்டு பாத்துப்போட்டுத்தான் முடக்கில கொப்பு வெட்ட ஏறினவர். உங்கட ஜெனரேட்டர்க் கரண்ட் அந்த வயருக்குத் திரும்பி வந்திட்டுது… அண்ணனை இன்னும் கம்பத்தால இறக்கேல்ல."