பிராவ் ஹொஃப்மன் வருகிறார்

இது சிரிப்புக் கதைதான். ஆனால் சிரிப்பு ஒரு கதவுக்குப் பின்னால் நிற்கிறது. கொஞ்சம் பொறுங்கோ.

ஜேர்மனியின் டோர்ட்மண்டில் கவிசாவைப்போல் குரல் மாற்றிக் கதைக்க ஆளில்லை. வயது பதினாறு. ட்ராம் அறிவிப்பு, கணக்கு ரீச்சர், கோயில் ஐயர் என்று ஒருவரையும் விட்டதில்லை.

ஒருநாள் பின்னேரம், அம்மாவோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் லான் அன்ரி வந்திருந்தார். சிறுமியாக வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தவர். இப்போது, இருக்கும் வீட்டை மாதக் கடைசிக்குள் விட வேண்டும். ஆறு இடம் கேட்டாயிற்று. ஏழாவதுக்கு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு அழைத்தார்.

"க்கும்... உங்கள் பெயர்?" என்றது டொச்சு மொழியில் ஓர் ஆண்குரல்.

"நுயென்."

"க்கும்... வீடு வாடகைக்குப் போய்விட்டது."

அந்தச் செருமலைக் கேட்டதும் கவிசாவுக்கு ஆள் பிடிபட்டுவிட்டது. யாரென்று மட்டும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் கழித்து, அதே எண்ணுக்குத் தானே அழைத்தாள். நடுங்கும் ஒரு கிழட்டு டொச்சுத் திருமதியின் குரலில்.

"நான் பிராவ் ஹொஃப்மன். ஓய்வு பெற்ற ஆசிரியை. வீடு..."

"காலியாகத்தான் இருக்கிறது, அம்மணி! நாளைக்கு நாலு மணிக்கு வாருங்கள்!"

அம்மா பாய்ந்தாள். "பொய் சொல்லி வீடு எடுக்கிறதோ? வெக்கமா இல்லையேடி உனக்கு?"

"பொய்யைத் தொடங்கினது நானோ, அம்மா?"

"நேரே போனால் கதவைச் சாத்துவாரே?" என்றார் லான் அன்ரி.

"சாத்த விடமாட்டேன். நீங்கள் வாங்கோ."

மறுநாள் நாலு மணி. கழுத்துப்பட்டியும் புன்னகையுமாகக் கதவைத் திறந்தவர், தமிழ்ச் சங்கத் தலைவர் ஞானசுந்தரம்.

"அட, சந்திரகாந்தியின்ர பிள்ளை! என்ன இஞ்சால? நான் ஒரு பிராவ் ஹொஃப்மனைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"நான் நுயென். வீடு பார்க்க வந்தேன்," என்றார் லான் அன்ரி.

புன்னகை போயிற்று. கதவை மெல்லச் சாத்தத் தொடங்கினார்.

கவிசா செருமினாள். ஒவ்வொரு பொங்கல் விழா மேடையிலும் கேட்ட தலைவரின் அதே குரல் அவள் வாயிலிருந்து வந்தது.

"க்கும்... உறவுகளே! எண்பத்தாறில, அகதி முகாமில குளிரில விறைச்சுக்கொண்டு நிண்ட எனக்கு, தங்கட அறையில பாதியைத் தந்தது ஒரு வியட்நாம் குடும்பம்! அதை இந்த ஞானசுந்தரம் சாகும்வரைக்கும்..."

நிறுத்திவிட்டாள்.

"...மறக்கமாட்டான்!" பழக்கதோசத்தில் முடித்துவைத்தார் ஞானசுந்தரம்.

"என்ன சொல்கிறார்?" என்று டொச்சில் கேட்டார் லான் அன்ரி.

"மொழிபெயர்க்கட்டோ, அங்கிள்?" என்றாள் கவிசா, பிராவ் ஹொஃப்மனின் குரலில்.

அப்போதுதான் ஞானசுந்தரத்தின் கை, பாதி சாத்திய கதவிலிருந்து இறங்கியது.