சரிசெய்யப்பட்ட பாசுரம்

மார்கழிப் பனி தங்கச்சுரங்க ஊரான மாரிகுப்பத்துக் கூரைகளின்மேல் மெல்ல இறங்கி, விடியலையே ஒரு வழிபாடாக்கியிருந்தது. ராஜப்பாவின் வீட்டுக் கணினியிலிருந்து பாசுரம் கணீரென ஒலித்துக்கொண்டிருந்தது.

“இன்னாப்பா, ரிப்பேர் பண்றேன்னு கெடுத்து வெச்சிட்டியே! பாட்டே வரல,” என்றார் ராஜப்பா.

கணினி பழுதுபார்க்கும் மனோகர் திகைத்தான். சிடி டிரைவ் கடகடவென இரைந்ததால், நேற்றுதான் பாசுரங்களைக் கணினிக்குள் பதிவுசெய்து, குறுந்தட்டை வெளியே எடுத்து வைத்திருந்தான்.

“தெளிவாத்தானே வருதுங்க, ஐயா!” என்று ஒலியைக் கூட்டினான். எதிர்வீட்டு நாய் குரைத்தது.

“வரல. என் மார்கழி பூஜையே கெட்டுப்போச்சு.” மனோகரின் வாயசைவையே உற்றுப் பார்த்தபடி சொன்னார்.

வாசலில் கோலமிட்டு வந்த அவர் மனைவி பாப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “அவருக்குக் காது ஏதுப்பா? சுரங்கத்துல வெடி வெச்சு வெச்சே போய்டுச்சு. அந்த டிரைவ் அதிர்றப்ப அது மேல கைய வெச்சுத்தான் பாட்டு கேப்பாரு.”

மனோகர் குறுந்தட்டை மீண்டும் இட்டான். எழுந்த இரைச்சலில் பாசுரம் அமிழ்ந்தது. ராஜப்பா டிரைவின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்மூடினார். உதடுகள் மெல்ல அசைந்தன.

“இப்பத்தான் பாடுது. நல்லா இருப்பா!”