இறங்கி வந்த கோடு

எரிந்துபோன விண்கற்களின் தூள் வானத்தில் மெல்லிய மின்படலமாக நிற்கும். ரேடியோ அலையை மேலே அனுப்பினால் அதில் பட்டுத் திரும்பும். திரையில் அதன் உயரத்தைக் காட்டும் ஒரு கோடு விழும். அப்படி ஒரு படலம் நூறு கிலோமீட்டர் உயரத்தில் நிற்காமல் தரையை நோக்கி இறங்குகிறது என்று அக்கா சொன்னபோது, ஆய்வு நிலையத்தின் இயக்குநர் எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

"கருவியில அழுக்கும்மா. போய்த் துடை."

வேலையும் போயிற்று. அவமானத்தில் படுத்த அக்கா எழுந்திருக்கவேயில்லை.

அவள் நாற்காலியில் இப்போது தங்கை. வந்த நாளிலிருந்தே கோடு இறங்கிக்கொண்டிருந்தது. வேறெந்த நிலையத்திலும் அது தெரியவில்லை. மேகத்தைத் தாண்டியது. இன்று காலை கூரையையும் தாண்டியது. தங்கை யாரிடமும் மூச்சு விடவில்லை.

மத்தியானம் இயக்குநர் வந்து அவள் பின்னால் நின்றார். தன் தோளில் படிந்திருந்த கருந்தூளைத் தட்டித் தட்டிப் பார்த்தார், போகவில்லை.

"என்னம்மா கோடு அது?"

கோடு அவர் தலைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"கருவியில அழுக்கு சார். துடைச்சிடறேன். நீங்க அசையாம அங்கயே நில்லுங்க."

துணியை எடுத்து, அவசரமே இல்லாமல் திரையைத் துடைத்தாள். கோடு இன்னும் ஒரு சாண் இறங்கியது.