எட்டு டன்

ஜெர்ரி கியரை மாற்றினான். வேவு வண்டி கருங்கல் சரிவின் மீது மூக்கைத் தூக்கியது.

குப்பம் ஊருக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரி. முப்பது டிகிரி ஏற்றம்.

பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, இரண்டு வருடம் பாடுபட்டு நான் பொருத்திய டீசல் இன்ஜின் உள்ளே உறுமியது. நானே ஏறுவதுபோல எனக்கு மூச்சு வாங்கியது.

சரிவின் அடியில் என் பக்கத்தில் நின்றிருந்தாள் கேசியா. வண்டியின் கவசத் தகடுகள் எல்லாம் அவள் வெல்டிங். சித்தூர் பட்டறையில் எங்களுக்குள் ஓயாத சண்டை. அவள் தகடு சேர்ப்பாள். எடை ஏறுகிறது என்று நான் கத்துவேன்.

"உன் இரும்பு என் இன்ஜினைத் துன்னுக்கினே கீது."

"துன்னட்டும்ண்ணா. தெம்பு இருந்தா தாங்கும்."

கடைசியாக அவள் சேர்த்தது ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் முந்நூறு கிலோ தகடு. கண்ணிவெடி வெடித்தால் ஓட்டுநரின் கால்களைக் காப்பாற்றப்போவது அது ஒன்றுதான்.

மொத்த எடை எட்டு டன்னைத் தாண்டினால் அந்தத் தகட்டைக் கழற்றிவிட வேண்டும். ராணுவச் சோதனைக் கோப்பில் அப்படித்தான் இருந்தது.

காலையில் டிரெய்லரில் வரும் வழியில், பங்காருபாளையம் மாங்காய் மண்டியின் எடைமேடையில் வண்டியை ஏற்றினோம். குப்பத்து எடைமேடையில் கல் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் என்று கேசியாதான் அங்கே நிறுத்தச் சொன்னாள்.

சீட்டில் ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது கிலோ.

தகடு தப்பித்தது.

பாதிச் சரிவில் வண்டியின் டிராக் சங்கிலி வழுக்கியது. கல்லில் பொறி பறந்தது. வண்டி ஒரு முழம் பின்னுக்கு வந்தது.



இன்ஜின் சத்தம் கனத்தது. டிராக் கல்லைப் பிடித்தது. ஒரு முழம். இன்னொரு முழம். பிறகு ஒரே ஏற்றம்.

உச்சியில் நின்று ஜெர்ரி விடாமல் ஹாரன் அடித்தான். இறுகிய முகத்தோடு வந்திருந்த ராணுவ அதிகாரியும் கை தட்டினார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் கேசியாவின் ஹெல்மெட்டில் ஓங்கித் தட்டினேன்.

அப்போது போன் வந்தது. எடைமேடை சிரஞ்சீவி.

"சார், பெத்த தப்பு ஆய்ப்போச்சு. உங்க வண்டிக்கும் மாங்கா கழிவு போட்டுட்டேன்."

காம்பு, அழுகல் என்று டன்னுக்கு ஐம்பது கிலோ கழித்து எழுதுவது மண்டி வழக்கம். கைப்பழக்கத்தில் எங்கள் கவச வண்டிக்கும் கழித்திருக்கிறான். நிஜ எடை எட்டாயிரத்து முந்நூற்று எழுபத்தொன்பது.

போனை வைத்தேன். யார் பேசியது என்று கேசியா கேட்கவில்லை.

"உனக்கு முன்னயே தெரியுமா?"

"பங்காருபாளையம் நான் பொறந்த ஊருண்ணா. எங்க நைனா மாங்காய்க்கு அந்த மேடையில கழிக்காத வருசமே இல்ல."

"ஏறாம இருந்திருந்தா?"

"ஏறிச்சே."

அதிகாரி சோதனைத் தாளை நீட்டினார். எடை என்ற கட்டம் காலியாக இருந்தது. சட்டைப்பையில் சீட்டு இருந்தது. பார்த்து எழுதினால் போதும்.

வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

8,379 என்று எழுதினேன். கழிவு விஷயத்தையும் சொன்னேன்.

அவர் எண்ணைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார்.

"அப்படியானால் எட்டு டன் என்று எல்லை வைத்தது யார்?"



"நான்தான் சார். இன்ஜின் தாங்காதோ என்ற பயத்தில் வைத்தேன்."

அவர் கோப்பைத் திறந்து, அந்தப் பக்கத்தை என் முன்னால் வைத்தார்.

எட்டை அடித்துவிட்டு எட்டரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

என் தோளுக்குப் பின்னால் நின்று கேசியா அதைப் படித்தாள்.

"அப்போ எனக்கு இன்னும் நூத்தி இருவத்தோரு கிலோ மிச்சம் கீதுண்ணா."