விறைப்பான சல்யூட்

வழக்கம்போல் கண்ணுச்சாமிதான் முதல் ஆளாக வந்து நின்றார். பட்டாளத்துப் பழக்கம்.

ஹெல்மெட் இல்லாமல் புல்லட் ஓட்டிப் பிடிபட்டதால், ஓய்வுபெற்ற ஹவில்தாரான அவரை அரசின் இருசக்கர வாகனப் பாதுகாப்புப் பயிற்சிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இந்த அவமானம் செட்டியார்பட்டிக்குத் தெரியக்கூடாது. சம்பந்தியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார்.

புல்லட், காஷ்மீரில் டியூட்டியில் இருக்கும் மகன் பாண்டிதுரையுடையது. "வண்டி பத்திரம்ப்பா" என்று சாவியைத் தந்துவிட்டுப் போயிருந்தான்.

மரத்தடியில் ஓர் ஆசாமி கூன்போட்டு உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தான். கசங்கிய சட்டை, சவரம் காணாத முகம். கண் மட்டும் புல்லட்டை விட்டு நகரவில்லை.

"பின் டயரு தேஞ்சிருக்கே அண்ணாச்சி. சாவியக் குடுங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கேன்."

"ஏலே, நேரா உக்காரத் துப்பில்ல, ஒனக்குப் புல்லட்டு கேக்குதாக்கும்?"

ஆசாமி சிரித்துக்கொண்டே அடுத்த கடலையை உடைத்தான்.

அப்போதுதான் அவர் வந்தார். பளபளக்கும் பூட்ஸ், மினுங்கும் ஜாக்கெட், கழுத்தில் விசில், கக்கத்தில் ஹெல்மெட். குதிகாலைத் தட்டி ஒரு சல்யூட் அடித்தார் பாருங்கள், கண்ணுச்சாமியின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"ஜெய்ஹிந்த் சார்! எந்த ரெஜிமெண்ட்?"

"மெட்ராஸ் ரெஜிமெண்ட்!" கண்ணுச்சாமியின் பதில் மைதானத்துக்கே கேட்டது.

வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்திலோ போலீசிலோ இருக்கும் பக்கம் எங்களுடையது. விறைப்பாகச் சல்யூட் அடித்தவரிடம் நீ யார் என்று கேட்பது, சம்பந்தி வீட்டுப் பந்தியில் உப்பில்லை என்று சொல்வதற்குச் சமம்.

வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "சார், மரத்தடியில இருக்கவன் பார்வையே சரியில்ல. உங்க வண்டியிலயே டெமோ காட்டிட்டு, அப்படியே பத்திரமான இடத்துல நிறுத்திர்றேன்."

கண்ணுச்சாமி ஆசாமிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சாவியை அவர் கையில் வைத்தார்.

வந்தவர் ஹெல்மெட்டை மாட்டினார். பட்டையை இறுக்கினார். கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, கையும் காட்டி, வாசலைத் தாண்டி ராஜபாளையம் சாலையில் திரும்பினார்.

கண்ணுச்சாமி ஒற்றை ஆளாகக் கைதட்டினார். "பாத்துக்கோலே, ஒழுங்குன்னா இது!"

ஆசாமி மடியிலிருந்த கடலைத் தோலை உதறிவிட்டு எழுந்து வந்தான்.

"ரூல்ஸ் தப்பாமத்தான் போறாரு உங்க பட்டாளத்துக் கூட்டாளி. அவரு டீ குடிச்சிட்டுச் சட்டுனு திரும்பிருவாருல்லா அண்ணாச்சி? நான் வகுப்ப ஆரம்பிக்கணும். இங்க நான்தான் ட்ரெய்னர்."